காது திடீரென்று அடைத்ததென்று வருகிறவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மெடிக்கல் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், தம்பிகளுக்கும், கடையில் நின்று மருந்து எடுத்துத் தரும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இந்த வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை. 2019 ஜனவரியில் ஒரு விடியற்காலை போனது. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டாக்டர்களுக்கோ கலெக்டருக்கோ எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பது படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

அன்று நாலு மணி இருக்கும். லாரிக்காரர் போன் செய்தார். வழக்கம்போல இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது போல என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது, மறுபடியும் சத்தமில்லை. தற்செயலாகக் கை மாற்றி வலது காதில் வைத்தபோது அவர் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. அப்போதுதான் இடது காதுக்குள் ஙொய்ங் என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எழுந்து நின்றால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன். "மார்கழிப் பனி காதுல பூந்திருக்கும், வெயில் ஏறுனா சரியாயிடும்" என்று என் மனைவி பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வலி கொஞ்சமும் இல்லை. வலி இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்கு எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனேன். "குறும்பி அடைச்சிருக்கும்ணா. இந்தச் சொட்டு மருந்த மூணு வேளை விடுங்க, ஊறித் தானா வந்துடும்" என்றார். ஐந்து நாள் விட்டேன். குறையவில்லை என்று போனபோது சளி மாத்திரையும் தலைசுற்றல் மாத்திரையும் தந்தார். பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக். லைட் அடித்துப் பார்த்த டாக்டர், காது சுத்தமாக இருக்கிறது, சவ்வும் நன்றாக இருக்கிறது, உள்ளே சளி கட்டியிருக்கும் என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். இப்படியே போய், பத்தொன்பதாவது நாள்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்ததும் கை சும்மாவே இருந்தது. மெஷின் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். 85 டெசிபல் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. பக்கத்தில் நின்று ஒருவர் கத்தினாலும் சரியாகக் கேட்காத அளவு அது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?" தேதி சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மொத வாரத்துலயே வந்திருக்கலாமேங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த மடலை எழுத வைத்தது. எனக்குச் சொட்டு மருந்து தந்தவர் மேல் கோபமில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடுத்துத் தருகிறவர் அவர். பணம் அடுத்த வாரம் தந்தால் போதும் என்பார். இன்றைக்கும் என் சர்க்கரை மாத்திரை அவர் கடையில்தான். அவருக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறதென்று யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும்தான். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதை, பட்டவனாவது சொல்ல வேண்டாமா?

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். மூன்று நாளுக்குள், பெரும்பாலும் ஒரே ராத்திரியில், காது நரம்புப் பக்கம் கேட்கும் சக்தி சட்டென்று இறங்கிவிடும். பரிசோதனையில் அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலாவது குறைந்திருந்தால் இந்த நோய் என்று வகுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. வைரஸ் கிருமியாக இருக்கலாம், உள்காதுக்குப் போகும் ரத்தம் தடைபட்டதாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பித் தாக்கியதாக இருக்கலாம் என்கிறார்கள். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு நுண்ணிய குழாய். அது அடைத்தால் வேறு பக்கமிருந்து ரத்தம் வர வழியில்லை. பஞ்சப்பள்ளி அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒற்றை வாய்க்கால் பாயும் கடைமடைக் கழனி மாதிரி அது. அந்த உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்கு அனுப்பும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. செத்த செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் காது சுத்தமாக இருக்கும். சவ்வு பளபளவென்று இருக்கும். அதைக் கண்டு தைரியப்படக் கூடாது. திடீரென்று கேட்கவில்லை, ஆனால் உள்ளே பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், கோளாறு நரம்புப் பக்கம் இருக்கிறதென்று சந்தேகப்பட வேண்டியது அங்கேதான். என்னைப் பார்த்த கிளினிக்கில் நழுவிப்போனது அந்த இடம்தான்.

இனி நீங்கள் கேட்பீர்கள்: "காது அடைச்சுதுன்னு வர்றவங்க எத்தனையோ பேருக்குச் சொட்டு மருந்து தந்திருக்கோம், சரியாப் போயிருக்கே?" உண்மைதான். பாதிப் பேருக்கு மேல் குறும்பியோ சளியோதான் இருக்கும். அது மட்டுமில்லை, நிஜமாகவே இந்த நோய் வந்தவர்களிலும் மூன்றில் ஒருவரிலிருந்து மூன்றில் இரண்டு பேர் வரைக்கும் மருந்தில்லாமலே ஓரளவோ முழுவதுமோ தேறிவிடுகிறார்கள் என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அப்படித் தேறியவர் உங்கள் கடைக்குத் திரும்ப வந்து, "நீங்க குடுத்த சொட்டு மருந்து நல்லா வேலை செஞ்சுது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். தேறாதவர் உங்களிடம் வரமாட்டார். சேலத்துக்கோ பெங்களூருக்கோ அலைவார், கடைசியில் ஒற்றைக் காதோடு பழகிக்கொள்வார். வந்து சொன்னவர்களை மட்டும் கணக்கில் வைத்தால் மருந்து பலித்தது போலத்தான் தெரியும். முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இது என் கண்ணில் படுகிறது. வராத லோடும் கணக்குதான்.

யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதற்கு டாக்டர்கள் பார்க்கும் அறிகுறிகள் சில உண்டு. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது முக்கியம். 40 டெசிபல் இறங்கியவருக்கு நம்பிக்கை அதிகம், 90ஐத் தாண்டியவருக்குக் குறைவு. தாழ்ந்த சுருதி மட்டும் போயிருந்தால் நல்லது. உயர்ந்த சுருதி போயிருந்தாலோ, எல்லாமே ஒருசேர அடித்துப்போயிருந்தாலோ மீள்வது கடினம். காதோடு தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் பாதிப்பு ஆழம் என்று பொருள். அறுபதைத் தாண்டியவர்களும், சிறு பிள்ளைகளும் நடுவயதுக்காரர்கள் அளவுக்குத் தேறுவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இருப்பவர்கள் தேறுவது குறைவு என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இரைச்சல் இருப்பது நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது ஏறத் தொடங்கினால் அது நல்ல சகுனம்.

இதில் எதை நாம் மாற்ற முடியும்? வயதை மாற்ற முடியாது. வந்த தலைசுற்றலை வராமல் செய்ய முடியாது. எத்தனை டெசிபல் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்டுவிட்டு இறங்கவில்லை. நம் கையில் இருப்பது எத்தனையாவது நாள் டாக்டரிடம் போகிறோம் என்பது ஒன்றுதான். அதிலும் முதல் நாலைந்து நாள் நோயாளி கையிலும் இல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. நம் ஊர்களில் காதில் ஏதாவது என்றால் யார் முதலில் டாக்டரைத் தேடிப் போகிறார்கள்? உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

மருந்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு முதலில் தருவது ஸ்டீராய்டு. 1980இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களில் 61 சதவீதமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதமும் தேறினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. மருந்தின் பலன் எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் இருக்கிறது. ஆனாலும் கொடுப்பதானால் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். அதில் தேறாதவர்களுக்கு, இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள், சவ்வு வழியாகக் காதுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம். ஆறு வாரம் தாண்டினால் அந்தக் கதவும் ஏறக்குறைய மூடிவிடுகிறது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் மாத்திரையை விட்டுவிட்டு நேராகக் காதில் ஊசி போட்டார்கள், நாலு தடவை. 85 டெசிபல் 70க்கு வந்தது. இப்போது அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

ஒரு காது போனால் பாதிதானே போனது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்டியில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது வந்து நில்லுங்கள். ஒரே நேரத்தில் நாலு பக்கமிருந்தும் விலை வரும். இரண்டு காது இருந்தால்தான் எந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து என்று பிரித்துப்பார்க்க முடியும். எனக்கு எல்லாக் குரலும் வலது பக்கமிருந்தே வருகின்றன. இருபது வருஷம் பழகிய வியாபாரி இடது பக்கம் நின்று விலை கேட்டிருக்கிறார். நான் திரும்பாததைப் பார்த்து, மதிக்கவில்லை என்று வருத்தப்பட்டுப் போய்விட்டார். ஓசூர் ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் கேட்கும், வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது. பேத்தி என் வலது பக்கம்தான் உட்கார வேண்டும் என்று பழகிவிட்டாள். அவளுக்கு நாலு வயது. யாரும் சொல்லித்தரவில்லை.

இனி என் தங்கை மகளைப் பற்றி. 2022இல் அவளுக்கு இருபத்தேழு வயது, ஓசூரில் கம்பெனி வேலை. ஒரு நாள் காலை போன் செய்தாள். "மாமா, வலது காதுல என்னமோ அடைச்ச மாதிரியே இருக்கு. நேத்து ராத்திரியிலிருந்து. கப்பு கப்புனு இருக்கு."

"வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு ஒரே மூச்சா முனகு. சத்தம் எந்தக் காதுல ஜாஸ்தியா கேக்குது?"

கொஞ்ச நேரம் கழித்து, "இடது பக்கமாத்தான் கேக்குது மாமா" என்றாள்.

லீவு போட்டுவிட்டு அந்த நிமிஷமே காது டாக்டரிடம் போகச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றவளைத் திட்டினேன். மத்தியானத்துக்குள் பரிசோதனை முடிந்து, அன்று சாயங்காலமே மாத்திரை தொடங்கிவிட்டாள். தாழ்ந்த சுருதியில் மட்டும் 45 டெசிபல் இறங்கியிருந்தது. மூன்றாவது வாரம் எடுத்த பரிசோதனையில், ரிப்போர்ட்டில் கேட்கும் அளவைக் காட்டும் இரண்டு காதின் கோடும் ஏறக்குறைய ஒன்றாகப் போனது.

உடனே போனதால்தான் அவள் தேறினாள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அவள் வயது சின்னது, சர்க்கரை இல்லை, தலைசுற்றவில்லை, இறங்கியதும் கொஞ்சம்தான். சும்மா இருந்திருந்தாலும் தேறியிருக்கலாம். நான் முதல் நாளே போயிருந்தாலும் எனக்குத் திரும்பாமல் போயிருக்கலாம். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, தலைசுற்றல், 85 டெசிபல், எல்லாம் எதிர்ப்பக்கம். ஆனால் அவளுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு முழுவதும் கிடைத்தது. என் வாய்ப்பைப் பத்தொன்பது நாள் சொட்டு மருந்திலும் சளி மாத்திரையிலும் தொலைத்தேன். ராத்திரி தூக்கம் வராதபோது காதுக்குள் அந்த இரைச்சலோடு சேர்ந்து வரும் நினைப்பு அதுதான்.

அந்த முனகல் பரிசோதனையை நீங்களே இப்போது செய்து பாருங்கள். ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, வாயை மூடி ம்ம்ம் என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதுக்குப் போகும். குறும்பியோ சளியோ அடைத்திருந்தாலும் அதே மாதிரிதான், கேட்காத காதுப் பக்கமே சத்தம் அதிகமாகக் கேட்கும். நரம்புக் கோளாறாக இருந்தால் நல்ல காதுப் பக்கம் போய்விடும். டாக்டர்கள் கவட்டை மாதிரி இருக்கும் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். இது பரிசோதனை அறைக்கு ஈடாகாது. தப்பவும் செய்யலாம். முனகலில் சத்தம் அடைத்த காதுக்கே போனாலும், திடீரென்று வந்தது என்றால் அனுப்பிவிடுவதே நல்லது. கவுண்டரில் நின்றபடி, ஒரு பைசா செலவில்லாமல், அரை நிமிஷத்தில் ஒரு சந்தேகம் வர இது போதும்.

ஆகவே காது அடைத்தது என்று யாராவது வந்தால், ரேக்கில் கை வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்: எப்போதிலிருந்து? கொஞ்சம் கொஞ்சமாகவா, சட்டென்றா? ஒரு காதா, இரண்டுமா? சளி, வலி, சீழ் ஏதாவது உண்டா? தலை சுற்றுகிறதா? சட்டென்று, ஒரு காதில், வலியில்லாமல் என்று பதில் வந்தால், தயவுசெய்து சொட்டு மருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் தொடங்கிய தேதியை எழுதிக் கையில் கொடுத்து, இன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள் என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். "முடிஞ்சா காட்டுங்க" என்று சொன்னால் போகமாட்டார்கள். தக்காளி பறிப்பு இருக்கும், மாங்காய் சீசன் இருக்கும், புளி உடைக்க ஆள் வைத்திருப்பார்கள். "காது நிரந்தரமாப் போயிடும், இன்னிக்கே போங்க" என்று சொன்னால்தான் போவார்கள். உங்கள் சொல்லுக்கு நம் ஊரில் அந்த மதிப்பு உண்டு.

எங்கே போவது என்று கேட்பார்கள். தருமபுரியில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் 2022இல் வந்துவிட்டது. காது மூக்கு தொண்டைப் பிரிவு இரண்டிலும் உண்டு. பென்னாகரத்துக்காரரும் அரூர்க்காரரும் அஞ்செட்டிக்காரரும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும், தூரம்தான். ஆனால் வழி இல்லாமல் இல்லை. காதோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் தள்ளாடினாலோ பஸ்ஸுக்கும் நிற்க வேண்டாம், 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு விஷயத்தில் இரண்டு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்டீராய்டு எடுத்துத் தந்துவிடாதீர்கள். சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து அது. சர்க்கரைக்காரருக்கு ஒரே நாளில் எங்கேயோ ஏற்றிவிடும். இன்னொன்று, டாக்டர் சீட்டோடு வாங்க வருபவரைப் பயமுறுத்தாதீர்கள். "இவ்வளவு பவரா எழுதியிருக்காங்களே, பாத்து" என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு வார்த்தையில் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களை நான் அறிவேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேளுங்கள். தினம் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அது போதும்.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு வருவதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 34 லட்சம் பேர். வருஷத்துக்கு 170லிருந்து 900 பேர் வரை வருகிறது. இதில் எத்தனை பேர் உங்கள் கடையைத் தாண்டாமல் போயிருப்பார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிவைத்தது நம் சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கு வீடு வரும் அந்தத் தன்னார்வலர் அக்காமார்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது "ரெண்டு காதும் நல்லா கேக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு அட்டையில் எழுதி ஒட்டுவதற்காகக் கீழே இருப்பதை எழுதி வைத்திருக்கிறேன். பாலக்கோட்டுக் கடைகளுக்கு நானே அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் கையால் எழுதி ஒட்டிக்கொண்டாலும் சரி. காதுச் சொட்டு மருந்து வைத்திருக்கும் ரேக்கின் மேலேயே, உங்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

"சட்டென்று ஒரு காது கேட்கவில்லையா? வலி இல்லையா? குறும்பி என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் விட வேண்டாம். என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு இன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். கேட்கும் சக்தியை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்."

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து,
மண்டிக் கணக்கர் ஒருவர்